பாக்டீரியா தலையில் கட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ரிடையர் ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலையூர் பக்கம் எங்கள் நகரில், மழைக்கு முன்னால் காலி மனைகளிலும் தெருவோரத்திலும் களைக்கொல்லி அடிக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. புதர் மண்டிப் பாம்பு வருகிறது, அது நிஜம். ஆனால் மருந்து வேண்டாம் என்றேன். உடனே ஒருவர், "சார், மண்ணுல இருக்கற பாக்டீரியாவே பத்து நாள்ல சாப்பிட்டுடும்" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு!

முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவனுக்கு பாக்டீரியா பாடம்.

பாக்டீரியா களைக்கொல்லியைச் சிதைக்கும் என்பது உண்மைதான், அழகான உண்மையும்கூட. மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கும் அட்ரசின் 1950களின் கடைசியில் வந்தது. 1990களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வாக்கெட், சடோவ்ஸ்கி குழுவினர் அதையே தின்று வளரும் ஒரு சூடோமோனாஸை ஆராய்ந்தார்கள். அதன் நொதி அட்ரசினிலிருந்து குளோரினைக் கழற்றிவிடும். அத்தோடு களையைக் கொல்லும் சக்தி போச்சு. மெலமினைச் சிதைக்கும் இன்னொரு நொதிக்கும் இதற்கும் 475 அமினோ அமிலங்களில் 9 தான் வித்தியாசம்! வகுப்பாக இருந்தால் இதற்கே ஒரு பீரியட் ஓட்டியிருப்பேன். ஆனால் அந்தப் பாக்டீரியா கிடைத்தது எங்கே? களைக்கொல்லி கொட்டிக் கிடந்த மண்ணில். நம் வீட்டு வாசலில் அல்ல.

இங்கே அடிக்கப்போவதாகச் சொல்வது கிளைபோசேட். அதற்கு வேறு நொதி வேண்டும். ஒரு வழியில் உடைந்தால் ஆம்பா என்றொரு பொருள் மிஞ்சும். அது கிளைபோசேட்டை விட அதிக நாள் மண்ணில் கிடக்கும். இன்னொரு வழி, கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பையே உடைக்கும் நொதி. அதைப் பல பாக்டீரியாக்கள் பாஸ்பேட் பஞ்சம் வந்தால்தான் தயாரிக்கும். சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் தேங்கும் நம் காலி மனையில் பாஸ்பேட்டுக்கு என்னய்யா பஞ்சம்? சில நாளில் பாதியாகும் மண்ணும் உண்டு, ஆறு மாதம் இழுக்கும் மண்ணும் உண்டு. பத்து நாள் என்று யார் அளந்து பார்த்தது?

தெருவோரம் இன்னும் மோசம். சிமெண்டிலும் தாரிலும் ஏது மண், ஏது பாக்டீரியா? முதல் மழையில் மழைநீர் வடிகால், அங்கிருந்து ஏரி. செம்பாக்கம் ஏரி வழிந்தால் பள்ளிக்கரணை சதுப்புநிலம்.

இன்னொன்று. பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் கிளைபோசேட் தெளிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு அறிவித்தாயிற்று. இவர்களோ வாட்ச்மேன் கையில் ஸ்பிரேயரைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். கையுறை கிடையாது, காலில் ரப்பர் செருப்பு. அவர் உடம்பில் படுவதை எந்தப் பாக்டீரியா வந்து சாப்பிடும்?

இரண்டு ஆள், மண்வெட்டி, இரண்டு நாள் கூலி. வேரோடு போய்விடும். மழை முடிந்து தை பிறந்ததும் இன்னொரு முறை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். என் பங்குப் பணத்தை இன்றே சங்கப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.