‘கடை மாவா?’ என்று கேட்கும் முன் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்

‘கடை மாவா?’ இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்கு வந்த விருந்தினர் இட்லியை ஒரு வாய் சாப்பிட்டதும் கேட்பது. கேள்விபோல் இருந்தாலும் அது பெரும்பாலும் தீர்ப்புதான். வேலை முடிந்து வரும் வழியில் பேரங்காடியில் ஒரு பொட்டலம் மாவு வாங்கி வந்த அம்மா பதில் சொல்லத் தயங்குவார். அதே பொட்டலத்தின் மேலோ ‘வீட்டுச் சுவை’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். விருந்தினர் சொல்வதும் பொட்டலம் சொல்வதும் சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றுகள். சோதிக்காமலேயே இரண்டையும் நம்பிவிடுகிறோம் என்பதுதான் என் புகார்.

இப்படிப்பட்ட ஒப்பீட்டை நேர்மையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தவர்களில் பியர் ஆலைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பியரைக் குடிக்கும் வயது உங்களுக்கு வரவில்லை. அதன் அறிவியலை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. வில்லியம் சீலி காசெட் என்பவர் 1899ல் டப்ளினில் உள்ள கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேதியியலும் கணிதமும் படித்தவர். நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த பார்லி அந்த பார்லியைவிட உண்மையிலேயே நல்லதா, இல்லை தற்செயலாக அப்படித் தெரிகிறதா என்று எப்படி முடிவு செய்வது என்பது அவருடைய சிக்கல். அதற்கு அவர் கண்ட வழி 1908ல் வெளியானது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் என்ன தெரியுமா? ‘மாணவர்’. இன்றும் பல்கலைக்கழகங்களில் அந்தச் சோதனைக்கு ‘மாணவர் சோதனை’ என்றுதான் பெயர்.

கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பர்க் ஆலையின் ஆய்வுக்கூடத்தையும் சொல்ல வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்தும் பிஎச் அளவுகோலை 1909ல் சோரன்சன் உருவாக்கியது அங்கேதான். அதற்கும் முன்பே, 1883ல், எமில் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். அதுவரை காட்டு ஈஸ்ட் கலந்துவிட்டால் பியர் கெட்டுப்போகும். தூய ஈஸ்ட் வந்த பிறகு இன்று காய்ச்சியதும் அடுத்த மாதம் காய்ச்சுவதும் ஒரே மாதிரி இருந்தன.

மாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வீட்டில் அரிசியையும் உளுந்தையும் அரைத்து வைக்கும்போது நாம் ஈஸ்ட் எதையும் சேர்ப்பதில்லை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருகின்றன. லியூகோனொஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா அவற்றில் முக்கியமானது. அது மாவில் உள்ள சர்க்கரையைச் சிதைத்து லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. அமிலம்தான் புளிப்பு, வாயுதான் பொங்குதல். அந்த வாயு தப்பிப் போகாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் புளிக்கலாம், ஆனால் பஞ்சுபோன்ற இட்லி வராது.

ஆக, உங்கள் வீட்டு மாவு என்பது ஒரே பொருள் அல்ல. இந்த வாரத்து உளுந்து வேறு, போன வாரத்து உளுந்து வேறு. மழை பெய்த இரவும் புழுக்கமான இரவும் ஒன்றல்ல. அப்படியிருக்க, எந்த நாள் வீட்டு மாவைக் கடை மாவோடு ஒப்பிடப் போகிறீர்கள்? நன்றாக வந்த நாளைத்தானே எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம்! கல்லுபோல் வந்த இட்லியை உப்புமாவாக்கிச் சாப்பிட்டு மறந்துவிடுகிறோம். கடை மாவின் பலம் ருசியைவிட, நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதில்தான் என்பது என் கருத்து. ஹான்சன் பியருக்குச் செய்ததும் அதுவே.

இன்னொரு பொறியும் உண்டு. மேலைநாடுகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சுவோர் தங்கள் சரக்கைக் கடையில் விற்கும் அதே வகைப் பியரோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவது வழக்கம். தங்களுடையது அப்போதுதான் முதிர்ந்தது, கடைப் புட்டி பல வாரம் கிடங்கில் இருந்தது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நாமும் அப்படித்தான். காலையில் பொங்கிய வீட்டு மாவை, குளிர்பதனப் பெட்டியில் நாலு நாள் கிடந்த பொட்டலத்தோடு ஒப்பிடுகிறோம். நாம் அளப்பது ‘வீடா கடையா’ என்பதையா, ‘புதிதா பழையதா’ என்பதையா? குளிரில் பாக்டீரியாக்கள் மெதுவாகும், ஆனால் அடியோடு நிற்காது. பொட்டலம் உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி, சோதனை. தோசை வேண்டாம், கல்லின் சூடு ஒவ்வொரு தோசைக்கும் மாறும், முறுகலே முடிவைச் சொல்லிவிடும். இட்லிதான் சரி. ஒரே பாத்திரத்தில், ஒரே தட்டில், பாதிக் குழிகளில் வீட்டு மாவு, பாதியில் கடை மாவு. உப்பை முன்கூட்டியே சரிபார்த்துச் சமமாக்குங்கள். பொட்டலத்தில் சமையல் சோடா சேர்த்திருக்கிறதா என்று பொருள்பட்டியலைப் படியுங்கள்; இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சட்னி, சாம்பார் கிடையாது. வருத்தம்தான், என்ன செய்வது.

சுவைப்பவர் ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டுகள் கொடுங்கள். இரண்டு ஒரே மாவு, ஒன்று வேறு. வேறாக இருப்பது எது என்பது மட்டுமே கேள்வி. இதற்கு முக்கோணச் சோதனை என்று பெயர். இதுவும் 1940களில் கார்ல்ஸ்பர்க் ஆலையில் உருவானதுதான். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்காமல் இருக்கக் கண்ணைக் கட்டிவிடுங்கள். துண்டுகளின் வரிசையைப் பகடை உருட்டி முடிவு செய்யுங்கள். பரிமாறுபவருக்கும் எது எந்த மாவு என்று தெரியக்கூடாது. தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பாட்டி பரிமாறினால் கட்டாயம் காட்டிக்கொடுக்கும்.

ஒன்றுமே தெரியாமல் ஊகித்தாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். எனவே 12 பேர் சுவைத்து 4 பேர் சரியாகச் சொன்னால் அதில் வியப்பில்லை. 7 பேர் என்றால்? வெறும் ஊகத்தில் அந்த அளவோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 7. பலர் இதை ஏற்கமாட்டார்கள். 8 பேர் என்றால் வாய்ப்பு 100க்கு 2க்கும் குறைவு. அப்போது வேறுபாடு இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். நிகழ்தகவு படித்தவர்கள் இந்த எண்களை நீங்களே கணக்கிட்டுச் சரிபாருங்கள். அரைமணி நேரத்தில் முடியும்.

முடிவைப் படிக்கும்போதும் கவனம் தேவை. 5 பேர்தான் சரியாகச் சொன்னார்கள் என்பதால் இரண்டு மாவும் ஒன்று என்று ஆகிவிடாது. இந்த 12 பேரால், இந்த நாளில் பிரித்தறிய முடியவில்லை, அவ்வளவுதான். 9 பேர் சரியாகச் சொன்னாலும் வீட்டு மாவு வென்றதாக ஆகாது. வேறுபாடு தெரிகிறது என்பது ஒன்று, எது பிடிக்கிறது என்பது வேறொன்று. பிடித்ததைப் பற்றி, சரியாகப் பிரித்தறிந்தவர்களிடம் மட்டும் கேளுங்கள். பிரித்தறியாதவரின் விருப்பத்துக்கு இங்கே எடை கிடையாது, அவர் பெரியப்பாவாகவே இருந்தாலும்.

உடல்நலம் பற்றிய வாதம் கட்டாயம் எழும். வீட்டு மாவில் ‘உயிருள்ள நல்ல பாக்டீரியா’ இருக்கிறதாம். மாவில் இருப்பது உண்மை. புளித்த கடை மாவிலும் உண்டு. ஆனால் இட்லிப் பானையின் நீராவி 100 டிகிரி. பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் எந்த மாவிலும் பிழைத்திருக்காது. புளிப்பதால் கிடைக்கும் மற்ற நன்மைகள், எடுத்துக்காட்டாகத் தானியத்தின் ஃபைட்டிக் அமிலம் குறைவது, மாவு எவ்வளவு நேரம் எப்படிப் புளித்தது என்பதைப் பொறுத்தவை. யார் அரைத்தார் என்பதைப் பொறுத்தவை அல்ல.

சோதனையை ஒரே நாளோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று வெவ்வேறு வாரங்களில், மூன்று முறை அரைத்த மாவில் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மாவின் பிஎச் அளவையும் புளித்த நேரத்தையும் குறித்துவையுங்கள். நன்கு புளித்த மாவில் அது 4.5ஐ ஒட்டி இருக்கும். இரண்டு மாவும் ஒரே பிஎச் காட்டும்போது எத்தனை பேர் பிரித்தறிகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை விருந்தினர் ‘கடை மாவா?’ என்றால், அம்மா வாய் திறக்கும் முன் நீங்கள் மூன்று துண்டுகளை நீட்டுங்கள்.