"பைத்தன் கோல் பை ரெபரன்ஸ்" என்று பாடமாக்க வைப்பதை நிறுத்துவோம்



உயர்தர ஐ.சீ.ரீ. பிள்ளைகளின் கொப்பிகளில் இரண்டு வரிகளை அடிக்கடி காண்கிறோம். ஒன்று, "பைத்தன் கோல் பை ரெபரன்ஸ்." மற்றது, "இலக்கத்துக்கு கோல் பை வெலியூ, லிஸ்டுக்கு கோல் பை ரெபரன்ஸ்." இரண்டும் பிழை. பிள்ளைகள் இவற்றைத் தாங்களாக எழுதவில்லை. எழுதிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

சந்தேகமென்றால் செய்து பாருங்கள். 40, 50 என்று ஒரு லிஸ்ட். அதை ஒரு சார்புக்குக் கொடுத்து, உள்ளே 60ஐ அப்பென்ட் பண்ணுங்கள். வெளியே பார்த்தால் 40, 50, 60. பிரதி போயிருந்தால் இப்படி நடக்காது. அடுத்த சார்பில், அதே பெயருக்கு 0 மட்டும் உள்ள புது லிஸ்டைச் சமன் போட்டுக் கொடுங்கள். வெளியே ஒன்றும் மாறாது. ரெபரன்ஸ் என்றால் மாறியிருக்க வேண்டுமே!

விசயம் இதுதான். பைத்தனில் மாறி என்பது பெட்டியல்ல, நினைவகத்தில் உள்ள பொருளுக்கு ஒட்டிய பெயர். சார்புக்குப் போவது அதே பொருளுக்கான இன்னொரு பெயர். வீட்டுத் திறப்பின் பிரதி ஒன்றை ஒருவரிடம் கொடுப்பது போல. அவர் உள்ளே போய் கதிரையை நகர்த்தினால் நமக்கும் தெரியும். அந்தத் திறப்பை வைத்துவிட்டு வேறு வீட்டுத் திறப்பை எடுத்தால் நம் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இலக்கத்துக்கும் இதே விதிதான். இலக்கத்தை உள்ளே மாற்ற வழியில்லை என்பதால் பிரதி போனது போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பாஸ்கல் வேறு. அங்கே 'வார்' போட்டால் மாறியே போகும், போடாவிட்டால் பிரதி போகும். அந்த இரண்டு பெயர்களையும் பைத்தனுக்கு இழுத்து வந்ததுதான் நமது தவறு. பைத்தனின் முறைக்கு 'கோல் பை ஷெயரிங்' என்ற பெயர் 1970களிலேயே, பார்பரா லிஸ்கோவின் 'குளூ' மொழியோடு வந்துவிட்டது.

"லெப் இல்லை" என்று சொல்லித் தப்ப வேண்டாம். கரும்பலகையில் ஒரு வட்டமும் இரண்டு அம்புக்குறியும் போதும். பாடமாக்கிய பிள்ளை, வெளியீடு என்ன என்று கேட்டால் தடுமாறும். படம் கீறிப் பழகிய பிள்ளை தடுமாறாது.

பெற்றோரே, எத்தனை பக்கம் நோட்ஸ் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டாம். இன்றைக்கு எந்தப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களையும் திருத்தும்.