காலாவதியான குற்றங்கள்

குற்றத்திற்கு ஆயுட்காலம் உண்டா என்று கேட்டால், உண்டு என்று தயங்காமல் விடையளிக்கும் நாடு இத்தாலி. அந்நாட்டுச் சட்டமொழியில் 'பிரெஸ்கிரித்ஸியோனே' என்றொரு சொல் உண்டு. குறித்த காலம் கடந்துவிட்டால் குற்றமே அற்றுப்போயிற்று என்பது அதன் பொருள். வழக்குத் தொடுப்பதற்கான கெடு என்று மட்டும் இதைக் கொண்டால் பிழையாகிவிடும். விசாரணை தொடங்கிய பின்னும், மேல்முறையீட்டின்போதும், உச்ச நீதிமன்றத்தின் படியேறிய பின்னும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். நெடுங்காலம் அங்கே முறை இதுவாகவே இருந்தது.

சந்தையில் பணப்பை திருடியவன் அன்றே பிடிபடுகிறான். கடிகாரம் அவனுக்கு உதவுவதில்லை. லஞ்சத்தின் கதை வேறு. கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருசேர வாய்மூடியிருக்கும் குற்றம் அது. புகார் கொடுக்க ஆளில்லை. ஏதோவொரு கணக்கேட்டின் வழியாக அது வெளிவருவதற்குள் பாதிக் காலம் போய்விடும். மீதிக் காலத்தை வாய்தா வாங்கியே கழிக்கத் திறமையான வழக்கறிஞர் போதும். அத்தகையவரை அமர்த்தும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2005 டிசம்பரில், பெர்லுஸ்கோனி பிரதமராக இருந்தபோது, இந்தக் காலவரம்பு மாற்றியமைக்கப்பட்டது. அச்சட்டத்திற்கு 'முன்னாள் சிரியெல்லி' என்று பெயர். மசோதாவை முதலில் கொண்டுவந்த சிரியெல்லி என்ற உறுப்பினரே, அது திருத்தப்பட்ட விதத்தைக் கண்டு அதனோடு தமக்குத் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டதால் வந்த பெயர். பெற்ற தகப்பனே கைகழுவிய பிள்ளை என்று நம் கிராமத்தில் சொல்லியிருப்பார்கள்.

அதன் கணக்கை ஒரு வழக்கில் பார்க்கலாம். டேவிட் மில்ஸ் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், பெர்லுஸ்கோனி தொடர்பான வழக்குகளில் பொய்ச்சாட்சி சொல்வதற்காக 6 லட்சம் டாலர் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. நீதித்துறை சார்ந்த லஞ்சத்திற்கு அன்று உச்ச தண்டனை 8 ஆண்டுகள். பழைய சட்டப்படி காலவரம்பு 15 ஆண்டுகள் வரை நீண்டிருக்கும். புதிய சட்டப்படி 8 ஆண்டுகள், அதன் கால்பங்கு 2 ஆண்டுகள், ஆக மொத்தம் 10. மில்ஸுக்கு 2009 பிப்ரவரியில் நாலரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2010 பிப்ரவரி 25 அன்று உச்ச நீதிமன்றம், குற்றம் நிகழ்ந்தது 2000 பிப்ரவரியில் அல்ல, 1999 நவம்பரிலேயே என்று கணக்கிட்டது. குற்றம் காலாவதியாயிற்று. மூன்று மாத வித்தியாசம்! ஆயினும் பிரதமர் அலுவலகத்திற்கு அவர் இழப்பீடு தரவேண்டும் என்ற பகுதியை நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அன்று அந்த அலுவலகத்தின் தலைவர் பெர்லுஸ்கோனியேதான். குற்றத்தை மறுத்துவந்த அவர்மீதான தனி வழக்கும் 2012இல் இதே வழியில் காலாவதியாகி முடிந்தது.

மொழியில் அக்கறை உள்ள நமக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. காலாவதி என்ற சொல் செய்தியாகும்போது 'விடுதலை' என்றாகிவிடுகிறது. ஏழுமுறை பிரதமராக இருந்த அந்த்ரெயோத்தி, 1980 வரை மாஃபியாவோடு கொண்டிருந்த உறவு குற்றமே, ஆனால் காலம் கடந்துவிட்டது என்று 2003இல் பலெர்மோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பிற்காலத்துக் குற்றச்சாட்டிலிருந்து மட்டுமே அவர் விடுவிக்கப்பட்டார். பலருடைய நினைவில் நின்றதோ பின்பாதி மட்டும்தான்.

காலவரம்பே கூடாது என்று சொல்ல நாம் துணியவில்லை. சாட்சிகள் இறந்துபோவார்கள், நினைவு மங்கும். இந்தியாவில் மூன்றாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றத்திற்குப் பொதுவாகக் காலவரம்பு கிடையாது; அதனால் ஊழல் வழக்குகள் விரைந்து முடிந்துவிடுகின்றனவா என்ன? நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் விதியைப் பின்னோக்கி மாற்றுவதும் முறையன்று. மதிப்புக் கூட்டு வரி மோசடி வழக்கொன்றில், வரம்பை ஒதுக்கிவைத்துத் தண்டியுங்கள் என்று 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. இத்தாலியின் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஏற்கத் தயங்கி மறுகேள்வி எழுப்ப, 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஓரடி பின்வாங்கியது. மோசடிக்காரர்களுக்கே அதனால் லாபம் என்றபோதிலும், அந்தத் தயக்கம் சரியானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

2019ஆம் ஆண்டுச் சட்டம், முதல் தீர்ப்போடு கடிகாரத்தை நிறுத்தியது; 2020இல் நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் ஒருவன் சாகும்வரை குற்றம் சாட்டப்பட்டவனாகவே இருக்கலாமே என்று எதிர்ப்பு எழுந்தது. எனவே 2021இல் இன்னொரு கடிகாரத்தை மாட்டினார்கள்: மேல்முறையீட்டிற்கு இரண்டாண்டு, உச்ச நீதிமன்றத்திற்கு ஓராண்டு. நீட்டிப்புகள் இருந்தாலும், அவையும் தீர்ந்தால் வழக்கு அற்றுப்போகும். முன்வாசலில் துரத்தியதைக் கொல்லைப்புறமாக அழைத்துக்கொண்டதாகவே இதைக் கருதுகிறோம். ஜெர்மனியில் முதல் தீர்ப்பு வந்துவிட்டால், வழக்கு இறுதியாக முடியும்வரை காலவரம்பு தீராது. அரசின் தாமதத்தால் வழக்கு அளவுமீறி நீண்டால், தண்டனையில் ஒரு பகுதி கழிந்துவிட்டதாகக் கொள்கிறார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.