வெள்ளமும் பெயர்ப் பட்டியலும்

ஆறில்லாத ஊரில் வெள்ளம் எப்படி வரும் என்று வெளிநாட்டு நிவாரண ஊழியர் ஒருவர் முன்னொரு காலம் என்னிடம் கேட்டார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் படத்தை விரித்து வைத்துப் பார்ப்பவருக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரியில் மாத்திரம் ஓடி, அராலிப் பக்கத்தில் கடலோடு கலப்பது. மற்றவையெல்லாம் குளங்கள், வெள்ளவாய்க்கால்கள், தரவைகள், தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயரளவில் ஆறாகிய கடனீரேரிகள். கார்த்திகையில் வங்கக் கடலிலே தாழமுக்கம் ஒன்று உருவாகிக் கரையை அணுகுமாயின், வருடத்து மழையிற் பெரும்பங்கு சில நாள்களிலே கொட்டிவிடுகிறது. நீர் ஓடவேண்டிய வாய்க்காலின் குறுக்கே மதில் நிற்கிறது. நீர் தங்கவேண்டிய குளத்திலே மண் கொட்டி வீடு எழும்பியிருக்கிறது. ஆறில்லாமையே நம்முடைய வெள்ளத்துக்குக் காரணம் என்று அந்த அன்பருக்கு மறுமொழி சொன்னேன். வந்த நீருக்குப் போக வழி தெரியாது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது உலகம் மெய்யாகவே விரைந்து வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்திலே மண் சரிந்து லயன் வீடுகளை மூடிற்று. இந்தியா ‘சாகர் பந்து’ என்ற பெயரிலே கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பியது. யப்பான், ஐக்கிய அமெரிக்கா, சீனா, பாகிஸ்தான், ஐக்கிய அரபு இராச்சியம் என்று ஒன்றோடொன்று முகம் பார்த்துப் பேசாத நாடுகளும் ஒரே விமான நிலையத்தில் வந்திறங்கின. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அறுபட்ட இடத்திலே இந்திய இராணுவப் பொறியியலாளர் 120 அடி நீள இரும்புப் பாலமொன்றைப் பொருத்தித் தந்தனர். சேதம் 4.1 பில்லியன் டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. சுண்டிக்குளப் பக்கத்தில் வெள்ளநீரைக் கடலுக்கு விடுவதற்காக முகத்துவாரத்தை அகலப்படுத்தச் சென்ற கடற்படையினர் சிலர் அந்நீரிலேயே மாண்டனர். அவர்களும் ஓர் ஊரின் பிள்ளைகள் என்பதை இங்கே சொல்லாமற் போவது முறையன்று.

இத்துணை உதவியும் வந்த பின்னரும், ‘எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற குரல் ஓயவில்லை. பொய்க்குரல் சிலவும் அதனுள் இருக்கலாம். ஆனால் 2004 இலும், 2008 இலும், 2024 இலும் இதே குரலை இதே மண்ணிற் கேட்டவன் என்ற முறையில், அதனைப் பேராசை என்று தள்ளிவிட என் மனம் இசையவில்லை. கப்பலிலிருந்து துறைமுகம் வரை உள்ள தூரத்தை எவரும் கணக்கிட்டுவிடலாம். கச்சேரியிலிருந்து ஓர் ஒழுங்கையின் கடைசி வீடு வரை உள்ள தூரமே கணக்கிற்கு அடங்காதது. அந்தத் தூரத்தை அளப்பது ஒரு பெயர்ப் பட்டியல்.

பெயர்ப் பட்டியலைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும். 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் வந்தபோது நான் வடமராட்சியிலே ஆசிரியனாயிருந்தேன். அவ்வாரம் யாழ்ப்பாணத்திற் பெய்த மழை சுமார் 520 மில்லிமீற்றர். 1918 இன் பின்னர் அத்துணை மழை பெய்ததில்லை என்றனர். எங்கள் பாடசாலை அகதி முகாமாயிற்று. வாங்குகளை ஒதுக்கி, ஒரு வகுப்பறைக்கு நாலைந்து குடும்பமாக மக்கள் தங்கினர். ஏ-9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது மூடப்பட்டபடியே கிடந்தது. அரிசி முதல் தறப்பாள் வரை யாவும் கப்பலில் வந்தாக வேண்டிய காலம். வன்னியிலோ அதே மழையில், அதனிலும் கொடிய நிலையில் மக்கள் நின்றனர். அரசின் கட்டளைப்படி ஐக்கிய நாடுகள் ஊழியரும் பிற தொண்டு நிறுவனத்தினரும் அங்கிருந்து செப்டெம்பரிலேயே வெளியேறிவிட்டமையால், இடையிடையே சென்ற உணவு வாகனத் தொடர்களை நம்பியே அம்மக்கள் அம்மாரியைக் கழித்தனர். எங்களிடம் வருவதற்காவது ஆள்கள் இருந்தார்கள்.

வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முதலில் விதானையாரின் பட்டியல். (கிராமத் தலைமைக்காரர் முறை 1963 இல் ஒழிந்து, பதவியின் பெயர் இரண்டு மூன்று தடவை மாறிவிட்டது, சனங்களுக்கு அவர் இன்றும் விதானையார்தான்.) பின்னர் ஒரு நிறுவனம் பாய்களுக்கென்று ஒரு பட்டியல் கேட்டது, மற்றொன்று வாளிகளுக்கென்று, பிறிதொன்று ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று. படிவங்களிற் பெரும்பாலன ஆங்கிலத்தில் இருந்தன. ஒரே குடும்பத்தின் பெயரை நான் ஏழு தடவை எழுதியிருக்கிறேன். ஏழு தடவையும் எழுதப்படாத பெயரும் ஒன்றுண்டு. தம்பி வீட்டின் பின்தாழ்வாரத்திலே தனியே சமைத்து உண்டு வந்த ஒரு விதவைத் தாய். அவருக்குத் தனிப் பங்கீட்டு அட்டை இல்லை. ஆகவே அவர் ‘குடும்பம்’ ஆகவில்லை. மூன்றாம் நாள் அவர் என்னிடம் வந்து, “மாஸ்ரர், நான் எந்தப் பேப்பரில நிக்கிறன்?” என்று கேட்டார். எழுதியவன் நான். படிவத்தில் அவருக்கு இடமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சமாளிப்பு இன்றும் எனக்கு உவப்பாயில்லை.

ஒருங்கிணைப்பு என்ற சொல்லை உலகம் அறியாததன்று. 1970 இல் கிழக்குப் பாகிஸ்தானைப் புயல் அழித்து இலட்சக் கணக்கானோர் மாண்டதன் மறு ஆண்டிலே, அனர்த்த நிவாரணத்துக்கென ஐக்கிய நாடுகள் சபை தனி அலுவலகம் ஒன்றை நிறுவிற்று. 1991 டிசெம்பரில் பொதுச்சபை 46/182 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இன்றைய ஏற்பாடுகள் யாவும் அதன்மேல் எழுந்தவையே. உதவியைத் தொடக்கி, ஒழுங்குசெய்து, நடத்தும் முதன்மைப் பொறுப்பு பாதிக்கப்பட்ட நாட்டின் அரசுக்கு உரியது என்பது அத்தீர்மானத்தின் அடிப்படை. 2005 முதல் நீர், உணவு, உறையுள், சுகாதாரம் எனத் துறைவாரியாகக் குழுக்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனத்தைத் தலைமையாக்கினர். காகிதத்தில் இது செம்மையான ஏற்பாடு. ஆயினும் 2010 இல் ஹெயிட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, இந்தக் குழுக்கள் ஐக்கிய நாடுகளின் காவலிட்ட முகாமுக்குள் ஆங்கிலத்திலே கூடின. பிரெஞ்சும் கிரெயோலும் பேசிய அந்நாட்டார் பலர் தம் நாட்டின் அழிவைப் பற்றிய கூட்டத்துக்கு வாயிற்படி தாண்டவும் வழியின்றி வெளியே நின்றனர். மொழி விளங்காத மேசையிலே தன் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று ஒருவன் எங்ஙனம் அறிவான்? ‘டித்வா’வின்போது எச்சரிக்கைகள் தமிழிற் பிந்தி வந்தன, குறைந்து வந்தன என்று எழுந்த முறைப்பாட்டை நான் அத்துடன் சேர்த்தே எண்ணுகிறேன். தமிழ் இந்நாட்டில் அரசகரும மொழி. சட்டப் புத்தகத்தில் உள்ள மொழி மழைக்கு முதல்நாள் கைத்தொலைபேசியிலும் இருத்தல் வேண்டும்.

அரசுக்கே முதன்மைப் பொறுப்பு என்ற விதி நியாயமானது. அரசின் மீது ஒரு பகுதி மக்களுக்கு நம்பிக்கை அற்றுப்போன இடத்தில் அவ்விதி என்ன செய்யும் என்பதற்கு நம் நாடே சான்றாயிற்று. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை மணற்காட்டையும் மருதங்கேணியையும் உடுத்துறையையும் விழுங்கிய பின்னர், ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் இலங்கைக்கு வந்தார். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளைக் காணாமலே திரும்பினார். கொழும்புத் துறைமுகத்திலே கொள்கலன்கள் தேங்கின. ஆறு மாத இழுபறியின் பின், 2005 யூன் 24 இல், ‘பொதுக்கட்டமைப்பு’ எனப்பட்ட உடன்படிக்கையில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்டனர். கடலோரத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் அகலமான நிலத்தில் நிவாரணமும் புனரமைப்பும் நடத்துவதற்கு மூன்று படிநிலைக் குழுக்கள், ஆறு மாவட்டங்கள், பிராந்தியக் குழுவுக்குக் கிளிநொச்சியில் இருப்பிடம், வெளிநாட்டுப் பணத்துக்கு ஒரு நிதியம். கைச்சாத்துக்கு முன்னரே மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்தை விட்டு நீங்கி, பின்னர் உயர் நீதிமன்றத்தை நாடிற்று. யூலை 15 இல் நீதிமன்றம் நிதியம் உட்பட முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு எழுந்து நடமாடவே இல்லை.

அக்கட்டமைப்பிலே குறையில்லை என்று நான் வாதிடவில்லை. அலையில் அளவின்றி இழந்த கிழக்கின் முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள் கைச்சாத்துக்கு அழைக்கப்படாமை பெருங்குறை. எனினும் அதன் மரணத்திலிருந்து ஒன்று தெளிவாயிற்று. பணத்துக்குப் பஞ்சமில்லாத ஆண்டு அது. வள்ளங்களை இழந்தவர் தொகைக்கு மேலாகவே சில கரைகளில் வள்ளங்கள் பங்கிடப்பட்டன. அவற்றுட் பல கடலுக்குத் தகாதவை. கிடைக்காமற்போனது, யாருக்கு எது வேண்டும் என்று எல்லோரும் ஒப்பும் ஒரு பட்டியலும், அதில் ஒப்பமிடும் உரிமை யாருக்கு என்ற உடன்பாடுமே.

இனி நம்மவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச உதவி என்றதும் கொடி பறக்கும் கப்பலே நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை ரொறன்ரோவும் இலண்டனும் பாரிசும் வெள்ளத்தின் மறுநாளே வந்துவிடுகின்றன. ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் படிவம் கேளாமற் பணம் அனுப்புகின்றன. சமைத்த உணவு அன்றைக்கே அடுப்பேறுகிறது. எந்த நிறுவனத்தாலும் செய்யவியலாத வேகம் அது, போற்றத் தக்கது. ஆனால் அப்பணம் தன் ஊரைத் தேடியே போகும். பிள்ளைகள் வெளிநாடு போன ஊருக்கு இரண்டு தடவை சோறு வருகிறது. ஒருவரும் போகாத குடியிருப்புக்கு விதானையாரின் உலர் உணவு மட்டுமே வருகிறது. அந்தக் குடியிருப்புக்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில், குளக்கரையில், தரவையின் ஓரத்தில். மேட்டு நிலத்தில் காணி வாங்க முடியாதவர்களும், ஒரு காலத்தில் வாங்க விடப்படாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்று மேடையிலே பேசுகிறோம். குடியிருக்கும் பள்ளத்தை முன்னரே சாதி தெரிந்து வைத்துவிட்டது என்பதை அங்கே சொல்வதில்லை.

2024 நவம்பர் வெள்ளத்தில் நாட்டிலேயே மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் முன்னின்றது. நீர் வடிந்தபின் டிசெம்பரிலே எலிக்காய்ச்சல் பரவிச் சிலரைக் கொண்டுபோயிற்று. வெள்ள நாளில் வேண்டியது சோறு. பத்தாம் நாளில் வேண்டியது நோய்த்தடுப்பு மாத்திரை. மாதம் கழிந்து வேண்டியது துப்புரவாக்கிய கிணறு. அனுப்புவோரின் மனமோ முதல் நாளிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டில் நூடில்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கிணற்று நீரில் மலக்குழி நீர் கலந்திருந்தது.

எனக்குத் தோன்றும் வழி மிகச் சிறியது. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் மழைக்கு முன்னரே, புரட்டாதியில், தமிழிலே ஒரு கொப்பி எழுதப்படவேண்டும்: எந்த ஒழுங்கையில் முதலில் நீரேறும், படுக்கையில் இருப்போர் யார், கருவுற்றோர் யார், தனியே சமைப்போர் யார், வள்ளம் யாரிடம் உண்டு. விதானையார், ஆசிரியர், மருத்துவமாது, கோயிலாரும் கோயிலுக்குள் விடப்படாதிருந்தவர்களின் பிரதிநிதியும் சேர்ந்து அதை எழுதவேண்டும். பிரதேச செயலகமும் வெளிநாட்டு நிறுவனமும் ரொறன்ரோச் சங்கமும் அதே கொப்பியின் பிரதியையே கைக்கொள்ள வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் திட்டங்கள் பல கேட்கிறது. இக்கொப்பி அவற்றின் அடியில் இருக்கவேண்டிய பாய்.

சொன்னவன் செய்து பார்க்க வேண்டுமல்லவா? 2025 புரட்டாதியில் நானும் இரண்டு ஆசிரியரும் சில உயர்தர மாணவரும் எங்கள் வட்டாரத்தில் தொடங்கினோம். இரண்டு ஒழுங்கைகள் முடிந்தன. தாம் விடுபட்டுப் போய்விடக் கூடாதென்று சனங்கள் வாசலுக்கே வந்து பெயர் கொடுத்தனர். மூன்றாவது ஒழுங்கை குளத்துப் பக்கம். அங்கே கூலித் தொழிலாளி ஒருவர் நெடுநேரம் கொப்பியையே பார்த்து நின்று, “பெயரை எழுதிப்போட்டு, பிறகு இது குளத்துக் காணி, எழும்பு எண்டு சொல்லமாட்டீங்களோ?” என்று கேட்டார். அந்த வீடு குளத்துக்குள் இருப்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மாணவன் ஒருவன் என் முகத்தைப் பார்த்தான். எழுப்பமாட்டார்கள் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டுத் திரும்பினோம். கார்த்திகையிலே அவர் மனைவி மக்களோடு இடுப்பளவு நீரில் நடந்து பாடசாலை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோதும் அவ்வரி வெறுமையாகவே இருந்தது.