தன் வாயாற் கெட்ட தவளை

கணனி வைரசு என்னும் பெயரை இன்று சிறுவரும் அறிவர். ஆயின், அது ஒரு செய்நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வகை யாது என வினவினால் நம்மிற் பலர் விழிப்போம். பழைய வைரசு ஒன்றின் கதையைக் கூறினால் அவ்வகை எளிதில் விளங்கும்.

1987 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இவ்வைரசு கண்டறியப்பட்டது. அவ்வூர்ப் பெயரே இதற்கும் வழங்கலாயிற்று. அந்நாளிற் பல கணனிகளை இயக்கிய ‘டொஸ்’ முறைமையே இது குடிபுகுந்த வீடு.

வைரசு தொற்றிய செய்நிரலை ஒருவர் இயக்கியதும், வைரசே முதலில் விழித்துக்கொள்ளும். தன் பிரதியொன்றை நினைவகத்தில் இருத்திவிட்டு, அதன் பின்னரே உரிய செய்நிரலுக்கு வழிவிடும். வேலை வழமைபோல் நடப்பதால் எவருக்கும் ஐயம் எழாது. அச்செய்நிரல் முடிந்த பின்பும் வைரசு வெளியேறுவதில்லை, வாயிற்காவலன்போல் நின்றுவிடும். அடுத்து எச்செய்நிரலை அழைப்பினும், அவ்வழைப்பு டொஸைச் சேருமுன் வைரசின் கைப்பட்டே செல்லும். அது அக்கோப்பில் ஏறத்தாழ 1,800 பைட் அளவான தன் உடலை ஒட்டிவிட்டு உள்ளே அனுப்பும். மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகம் வெறுமையாகும் என்பது மெய்யே; ஆயினும், வட்டிலுள்ள கோப்புகளில் அது மறுநாளுக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவும் எதற்காக? 1987 ஆம் ஆண்டு நீங்கலாக, 13 ஆம் திகதியும் வெள்ளிக்கிழமையும் கூடும் நாளில், இயக்கப்படும் செய்நிரல் ஒவ்வொன்றையும் வட்டிலிருந்து அழித்துவிடுவதற்காக. அத்தகைய முதல் நாள் 1988 மே 13.

அந்நாள் வருமுன்னரே குட்டு வெளிப்பட்டமை எங்ஙனம்? டொஸ் செய்நிரற் கோப்புகளில் ‘கொம்’, ‘எக்ஸி’ என இருவகை உண்டு. கொம் கோப்பின் இறுதியில் தான் இட்ட அடையாளத்தைக் கண்டால் வைரசு அதனை மீண்டும் தீண்டாது. எக்ஸி கோப்பிலோ, அதனை ஆக்கியவர் விட்ட பிழையால், தான் முன்பு வந்து சென்றதை அறியமாட்டாது. இயக்குந்தோறும் மேலும் ஒரு பிரதியை ஒட்டும். கோப்பு வீங்கி வீங்கி, ஈற்றில் நினைவகத்தில் அடங்காது போகும். நேற்று ஓடிய செய்நிரல் இன்று ஓடாமை கண்டு ஆராய்ந்தோர் கள்வனைப் பிடித்தனர்; பல்கலைக்கழகத்திலேயே மாற்று மருந்தும் ஆக்கப்பட்டது.

தவளை தன் வாயாற் கெட்டது. ஆயினும், அதன் குரலைச் செவிமடுக்க ஒருவர் வேண்டுமன்றோ? காரணமின்றி ஒரு கோப்பு ஏன் பெருத்தது என ஒருவர் கேட்டமையாலேயே பலருடைய செய்நிரல்கள் பிழைத்தன. சிறு மாறுதலையும் ‘ஏன்’ என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர் கைவிடாதிருப்பாராக.