மடைச் சாவி யார் கையில்?

2024 ஜூலை 19-ந் தேதி காலை 10 மணி வாக்கில் நம் நாட்டு விமான நிலையங்களில் ஒரு விசித்திரக் காட்சி. கவுண்டர்களில் இருந்த கம்ப்யூட்டர்கள் திடீரென்று நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டன. டில்லி, மும்பை, சென்னை, ஐதராபாத் எல்லா இடத்திலும் ஒரே கதி. பிரயாணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ கம்பெனி மட்டும் சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது. பிற நாடுகளில் ஆஸ்பத்திரிகளும் பாங்குகளும் திணறின.

யாரும் குண்டு போடவில்லை. எந்தத் தொழிற்சங்கமும் வேலை நிறுத்த நோட்டீஸ் கொடுக்கவில்லை. விமான நிலையச் சுமைக் கூலிகள் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தியிருந்தால் ‘தேசத் துரோகம்’ என்று முதலாளிப் பத்திரிகைகள் தலையங்கம் தீட்டியிருக்கும். அத்தியாவசியப் பணிச் சட்டம் பாய்ந்திருக்கும். அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி, உலகம் பூராவும் உள்ள தன் வாடிக்கைக்காரர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்னப் புதுப்பிப்பைத் தூரத்திலிருந்தே அனுப்பி வைத்தது. அதில் பிழை இருந்தது. 78 நிமிஷத்தில் தப்பைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் யந்திரங்கள் விழுந்துவிட்டதாக மைக்ரோசாப்ட் கம்பெனி கணக்குச் சொல்லிற்று.

விழுந்ததைத் தூக்கி நிறுத்தியது யார்? பெரும்பாலான இடங்களில் மனிதக் கைகள்தான். கம்ப்யூட்டரே எழுந்திருக்காதபோது தூரத்திலிருந்து கட்டளை போட்டால் எதற்குக் கேட்கும்? ஒவ்வொரு யந்திரத்தின் முன்னாலும் ஒரு ஊழியர் போய் உட்கார்ந்து, அதைத் தனி முறையில் இயக்கி, கெட்டுப்போன பைலை அழிக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் இந்த வேலை நாள் கணக்கில் நீண்டது. கெடுக்க 78 நிமிஷம், சரிசெய்ய நாட்கள்!

ராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வயலில் களையெடுக்கும் தாய்மாருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

இன்றைய ஆலையின் டைம் ஆபீசைப் பாருங்கள். விரல் வைக்கும் யந்திரத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். எடை மேடையில் ஒன்று. ஸ்டோரில் ஒன்று. நூலின் கவுண்டையும் வலுவையும் சோதிக்கும் லேபில் ஒன்று. சம்பளம் போடும் இடத்தில் இரண்டு மூன்று. ஒரு ஆலையில் 40 கம்ப்யூட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு புரோகிராம் போட வேண்டுமானால் முன்பு ஒரு ஊழியர் தகட்டை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போக வேண்டும். ஒன்றுக்கு அரை மணி என்றாலும் 20 மணி நேரம், அதாவது இரண்டரை ஷிப்டு வேலை. இன்றோ கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இது மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்ன ஏவலாள் புரோகிராமை உட்கார வைத்திருக்கிறார்கள். அது குறித்த நேரத்துக்கு ஒருமுறை தலைமை யந்திரத்தைக் கூப்பிட்டு, ‘எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?’ என்று கேட்கும். வந்திருந்தால் அந்த மூட்டையை இழுத்துக்கொள்ளும். ரேஷன் கடைக்கு வரும் மூட்டையில் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல இதிலும் முத்திரை பார்க்கும். பிறகு பிரித்துப் போடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கவுண்ட் மாற்றினால் பினியனை மாற்ற வேண்டும், டிராவலரை மாற்ற வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அதேபோல ஒரு புரோகிராமை மாற்றினால் அதற்குத் துணையான வேறு நாலைந்தும் பொருந்தியிருக்க வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டால் எல்லாமே மக்கர் பண்ணும். இந்தப் பொருத்தத்தை எல்லாம் தானே பார்த்துச் செய்வதுதான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம்.

இது நல்ல ஏற்பாடுதான், அதில் சந்தேகம் இல்லை. 2017 மே மாதம் ‘வான்னகிரை’ என்ற நாசகாரப் புரோகிராம் உலகம் பூராவும் பரவியது. பிரிட்டனின் பொது ஆஸ்பத்திரிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்து அந்த வருஷம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத யந்திரங்கள்தான் மாட்டிக்கொண்டன. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு அந்த மருந்தைக் காலாகாலத்தில் போட வேண்டுமானால் தூரத்திலிருந்து போடுவதைத் தவிர வேறு வழியில்லை. யந்திரம் நமக்கு விரோதி என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. 1960-களில் எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டர் புகுத்தப்பட்டபோது இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் நாடு தழுவிய போராட்டம் நடத்தினார்கள். கல்கத்தாவில் இலாகோ கட்டிடத்தைச் சுற்றி இரவும் பகலும் காவல் இருந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடும் நாட்டில் ஆட்களைக் குறைக்க யந்திரமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இரண்டரை ஷிப்டு வேலை ஒரு பொத்தானில் முடிகிறதே, அதில் மிச்சமான பணம் யார் பைக்குப் போயிற்று? தகட்டோடு மேஜை மேஜையாகப் போன ஊழியர் எங்கே? பல இடங்களில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவசரத்துக்குக் கூப்பிடக் காண்டிராக்டில் ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் விஷயம் ஆட்குறைப்போடு முடியவில்லை. தூரத்திலிருந்து ஒன்றைப் போட முடிகிற கை, தூரத்திலிருந்து ஒன்றை எடுக்கவும் முடிகிற கை. நம் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயில் தண்ணீர் நிறைந்து நின்றாலும் மடையைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். சாவி ஊரில் இருந்தால் ஊர்க் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், சண்டை போடலாம், சர்க்கார் உத்தியோகஸ்தரை முற்றுகையிடலாம். சாவி கடலுக்கு அப்பால் இருந்தால்?

கதையாகச் சொல்லவில்லை. குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜி கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. வருஷத்துக்கு 2 கோடி டன் சுத்திகரிக்கும் சக்தி உள்ளது. அதில் ரஷ்யாவின் ரோஸ்னெப்ட் கம்பெனிக்கு 49.13 சதவிகிதப் பங்கு. 2025 ஜூலை 18-ந் தேதி ஐரோப்பிய யூனியன் இந்தக் கம்பெனியின் மேல் தடை விதித்தது. நாலே நாளில், 22-ந் தேதி, அமெரிக்கக் கம்பெனியான மைக்ரோசாப்ட் அதற்குக் கொடுத்து வந்த கடிதப் போக்குவரத்து முதலான சேவைகளை நிறுத்திவிட்டது. பணம் கட்டியாயிற்று, ஆலை இந்திய மண்ணில் இருக்கிறது, இந்தியச் சட்டம் எதையும் மீறவில்லை. அப்படியிருந்தும் தூரத்தில் ஒருவர் சாவியைத் திருகினார், இங்கே கதவு மூடிக்கொண்டது. கம்பெனி டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அதன் பிறகு 30-ந் தேதி வாக்கில் சேவை திரும்பி வந்தது. நயாரா முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய எண்ணெய் ஆலைக்கே இந்தக் கதி என்றால், நம் தாலுகா ஆபீசுக்கும் கூட்டுறவு பாங்குக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் என்ன பாதுகாப்பு என்பதுதான் கேள்வி.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10 என்ற அடிப்படைப் புரோகிராமுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பு மருந்துகளை அதே மைக்ரோசாப்ட் பொதுவில் நிறுத்திக்கொண்டது. அடுத்த விண்டோஸ் 11 பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. நன்றாக ஓடுகிற யந்திரத்தைக் குப்பையில் போடு, புதியது வாங்கு என்பதுதான் இதன் பொருள். ஸ்பிண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேமை எடைக்குப் போடச் சொன்னால் எந்தப் பிட்டராவது ஒப்புக்கொள்வாரா?

வேறு வழி உண்டா? மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியாகப் போனால் கேரளம். அங்கே பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில், யாரும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய சுதந்திர மென்பொருளான லினக்சைப் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் சங்கங்களும் சுதந்திர மென்பொருள் ஆர்வலர்களும் வாதாடிக் கொண்டுவந்த மாற்றம் இது. பள்ளிகளுக்கு வேண்டிய புரோகிராம்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, மலையாளத்தில் வேலை செய்யும்படி அமைத்து, அந்தச் சர்க்காரின் கைட் நிறுவனமே கொடுக்கிறது. 2019-ல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு இப்படிக் கொடுத்தபோது 3,000 கோடி ரூபாய் லைசென்சுப் பணம் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். பணத்தை விடப் பெரிய லாபம், மூட்டையைக் கட்டுவதும் முத்திரை போடுவதும் சர்க்காரின் சொந்தக் கையில் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 2007 வாக்கில் சர்க்கார் நிறுவனமான எல்காட் தன் சொந்த ஆபீசிலேயே லினக்சுக்கு மாறிக் காட்டியது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் வகையை உருவாக்கிற்று. 2011-ல் இலவச மடிக்கணினித் திட்டம் வந்தபோது பாசும் இருந்தது, பக்கத்திலேயே விண்டோசும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் எதைத் திறந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? பிறகு 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்தார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் அவை இருக்கின்றன. இவ்வளவு யந்திரங்களை ஒரே இடத்திலிருந்து பராமரிக்க வேண்டிய நிலையில், அந்தச் சாவி பொதுத் துறையின் கையில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா?

விவசாயத் தொழிலாளருக்கும் இந்தத் தூரத்துக் கை புதிதல்ல. 100 நாள் வேலைத் தளங்களில் 2023 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து செல்போன் செயலியில் தினம் இரண்டு முறை போட்டோ எடுத்து ஆஜர் பதிவதைக் கட்டாயமாக்கினார்கள். செயலி டில்லியில் மாறும். வெயிலில் நிற்பது நம் தாய்மார். டவர் கிடைக்கவில்லை, படம் ஏறவில்லை என்றால் மண் வெட்டியது வெட்டாததாகிவிடும்! எவ்வளவு மண் அள்ளினார்கள் என்று பார்க்கக் கண் இருக்கும்போது, போன் சொல்வதுதான் சாட்சி என்றார்கள்.

நம் வட்டாரத்து ஆலையொன்றில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்; பெயர் வேண்டாம். இரவில் எங்கிருந்தோ புதுப் புரோகிராம் போட்டிருக்கிறார்கள். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் விரலை வைத்தால் யந்திரம் ஆளைத் தெரியாது என்றது. வெளியூரில் உள்ள நிபுணரைப் போனில் பிடித்துச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தை லேட் என்று எழுதினார்கள். கேட்டுக்கு வெளியே நின்றது தொழிலாளி குற்றமா? கமிட்டித் தோழர்கள் மூன்று நாள் அலைந்துதான் அதை ரத்து செய்ய வைத்தார்கள்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டம், யந்திரப் பழுதினால் வேலை கொடுக்க முடியாமல் போவதை லே-ஆப் என்றது. ஷிப்டுக்கு ஆஜராகி இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால் அன்று லே-ஆப் என்று வைத்தது. 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பை நாம் எதிர்க்கிறோம். ஆனால் இந்த விதி அதிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் யந்திரம் இல்லையா? அதில் போட்ட புரோகிராம் கெட்டால் அது யந்திரப் பழுது இல்லையா? நிர்வாகத்தினர் ‘சிஸ்டம் பிரச்னை’ என்று சொல்லும்போது நாம் ‘யந்திரப் பழுது’ என்று எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று. புது மிக்சிங் வந்தால் முதலில் ஒரு பிரேமில் ஓட்டிப் பார்க்காமல் ஷெட் பூராவும் போடும் மாஸ்திரி உண்டா? நூல் அறுகிறதா என்று பார்த்துத்தானே அடுத்த பிரேமுக்குப் போகிறார்? கிரவுட்ஸ்டிரைக் கம்பெனி 85 லட்சம் யந்திரங்கள் விழுந்த பிறகுதான் இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்ப்போம் என்று அறிவித்தது! ஐ.டி. உலகத்துக் கெட்டிக்காரர்கள் ராஜபாளையத்து ஸ்பின்னிங் மாஸ்திரியிடம் ஒரு வாரம் பாடம் கேட்டிருக்கலாம்.

சம்பள ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும் ஆலைக் கமிட்டிகள் போனஸ், பஞ்சப்படிக் கோரிக்கைகளோடு இதையும் எழுதிக் கொடுக்கட்டும். டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் போடுவதற்கு முந்தின நாளே நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஷிப்டு மாறும் நேரத்தில் போடக்கூடாது. ஆலைக்குள்ளேயே பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், காண்டிராக்டில் இல்லாமல் ஆலையின் சொந்தச் சம்பளத்தில், ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும். பிரேம் நின்றால் நின்ற நேரத்தை நோட்டில் எழுதுகிறார்கள் அல்லவா? விரல் யந்திரம் நின்ற நேரத்தையும் அதே நோட்டில் எழுதட்டும். கீழே அந்த ஷிப்டுத் தொழிலாளி ஒருவர் கையெழுத்துப் போடட்டும்.