கோயிலும் நிலைக்கட்டும், குடியும் நிலைக்கட்டும்!



காஞ்சியில் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் குடியிருப்பு, மேலே பரணில் சரக்கு. மழையில் ஓடு சரிந்தால் மாற்றியாக வேண்டும். பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் ஓர் அறை எடுக்க வேண்டும். வயதான தாயார் இருந்தால் கொல்லையில் கழிவறை கட்ட வேண்டும். ஊரில் மற்றவர்களுக்கு இதெல்லாம் மாநகராட்சியோடு முடிகிற காரியம். சில கோயில்களைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கோ விண்ணப்பம் டெல்லி வரை போய் வர வேண்டியிருக்கிறது. இதில் நம்மவர்களிடையே குழப்பம் மிகுதியாக இருப்பதால் சில விவரங்களைச் சொல்லிவிட்டு, நம் கருத்தையும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில், எந்தக் கோயில்கள் என்பதைப் பார்ப்போம். ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள், காமாட்சியம்மன் கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருபவை. நாம் சொல்லும் சட்டம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கே பொருந்தும். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில், நந்திவர்ம பல்லவமல்லன் காலத்து வைகுண்டப் பெருமாள் கோயில் ஆகியவை அதில் பெரியவை. மதங்கீசுவரர், முக்தீசுவரர், ஜ்வரஹரேசுவரர் போன்ற சிறு கோயில்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தங்கள் தெருவுக்குள் அப்படி ஒரு கோயில் இருப்பதையும், அதற்கென ஒரு சட்டம் இருப்பதையும் அறியாமல் கடைக்கால் போட்டுவிட்டு, நோட்டீசு வந்த பிறகு ஓடுகிறவர்களே அதிகம்.

சட்டம் 1958-ஆம் ஆண்டுச் சட்டம். 16-6-1992 அன்று வந்த அறிவிக்கைப்படி நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010-ல் வந்த திருத்தம் இதைச் சட்டத்திலேயே சேர்த்து இறுக்கிவிட்டது. அளவு கோபுரத்திலிருந்தோ விமானத்திலிருந்தோ அல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் விளிம்பிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிக்கவும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் அறவே கூடாது. உள்ள கட்டடத்தை உயரத்திலோ பக்கத்திலோ கூட்டுவதும் கட்டுமானம்தான். 1992-க்கு முன்பே இருந்த வீடாக இருந்தால் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். அதற்கும் முன் அனுமதி வேண்டும். ஆனால் இடிந்த வீட்டைப் பழைய நீள அகல உயரத்திலேயே திரும்ப எழுப்புவது 'மறு கட்டுமானம்'. அந்த வழி 100 மீட்டருக்கு வெளியே மட்டும்தான் உண்டு.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். கைலாசநாதர் கோயிலை அடுத்த பிள்ளையார்பாளையம் நெசவாளர் குடியிருப்பு. குழித்தறி போட்ட தாழ்ந்த ஓட்டு வீடுகள் அங்கு வழக்கம். ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உயரத்தில் அமைவது. அதற்காகக் கூரையை இரண்டடி தூக்கினால் அது உயரக் கூட்டல். கொல்லையில் கழிவறை எழுப்பினால் அது பக்கக் கூட்டல். பொதுக் கழிப்பிடத்துக்கு விலக்கு கொடுத்த சட்டம், வீட்டுக் கழிவறைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண் சுவர் மழையில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

அனுமதிக்கான காலத்தையும் சொல்லியாக வேண்டும். தகுதி பெற்ற அதிகாரி விண்ணப்பத்தை 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துரைக்க வேண்டும். பிறகு ஒரு மாதத்தில் முடிவு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்றரை மாதம். ஆவணியில் மனுப் போட்டவனுக்குக் கார்த்திகையில் பதில் வரும். நடுவில் ஐப்பசி அடைமழை அனுமதி கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமி பக்கத்திலேயே இருக்கிறார், பூசாரிதான் தூரத்தில்!

விளைவு என்ன? வசதியுள்ளவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறநகருக்குப் போகிறார். வசதியில்லாதவர் இரவோடு இரவாகக் கட்டுகிறார். பிறகு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பயப்படுகிறார். குடி பெயர்ந்த தெருவில் மளிகைக் கடைக்கு வியாபாரம் ஏது? கால் கிலோ துவரம் பருப்பும் அரை லிட்டர் எண்ணெயும் அன்றாடம் வாங்குபவர் அந்தத் தெருவில் குடியிருப்பவர்தான், வேனில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற பயணியல்ல.

இதைச் சொல்வதால் நாம் சட்டத்துக்கு எதிரிகள் என்று எண்ண வேண்டாம். கைலாசநாதர் கோயிலின் மணற்கல் 1,300 ஆண்டு வெயிலும் மழையும் கண்டது. பக்கத்தில் ஆழமாகத் தோண்டவும், ஐந்து மாடி அடுக்கவும் விட்டால் அதைத் திருப்பி எழுப்ப எவராலும் ஆகாது. கோயில்களால்தான் இந்த ஊருக்குப் பெயர். அந்தப் பெயரால்தான் பட்டுக்கும் நமக்கும் பிழைப்பு. ஒருவருக்கு இரண்டடி விட்டால் தெரு முழுவதும் இருபதடி ஏறும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. ஆனால் விடுதி கட்டுகிறவருக்கும் கழிவறை கட்டுகிறவருக்கும் ஒரே முழக்கோல் என்பதைத்தான் நாம் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் 1967 முதல் பாதுகாப்புப் பகுதிகள் என்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கே வீடே தனியாகப் பட்டியலில் இடம்பெற்றிருந்தால் ஒழிய, உள்ளே செய்யும் மாற்றங்களுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. தெருவுக்குத் தெரியும் தோற்றத்தைத்தான் கண்காணிக்கிறார்கள்.

நம் சட்டத்திலும் வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நினைவுச்சின்னத்துக்கும் தனித்தனியே பாரம்பரியத் துணைவிதிகள் வகுக்க வேண்டும், அதில் முகப்பு, உயரத் தோற்றம், வடிகால் முதலியவற்றைச் சொல்ல வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தமே கூறுகிறது. ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. காஞ்சியின் ஒவ்வொரு பாதுகாக்கப்பட்ட கோயிலுக்கும் 100, 300 மீட்டர் எல்லைகளைத் தெருப் பெயர், கதவு எண்ணோடு தமிழில் அச்சிட்டு மாநகராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. துணைவிதிகளை வகுக்கும்போது அந்தத் தெருவில் குடியிருப்போரையும் வணிகரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

3. ஓடு மாற்றுதல், பூச்சு, கதவு சன்னல், உட்சுவர் போன்ற சிறு வேலைகளுக்கு உள்ளூரிலேயே 15 நாளில் முடிவு தர வேண்டும்.

4. 100 மீட்டருக்குள் வீட்டுக் கழிவறைக்கும், இடிந்த குடியிருப்பைப் பழைய அளவிலேயே எழுப்பவும் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். 2018-ல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா பொதுப்பணிகளை மனத்தில் கொண்டே வந்தது. குடியிருப்பவனின் கூரையை யார் மனத்தில் கொள்வது?

இவை நிறைவேறும் வரை உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2024 முதல் சிறு வீடுகளுக்குத் தமிழக அரசு தரும் சுயசான்று அனுமதி கையில் இருந்தாலும் மத்தியச் சட்டம் விலகிவிடாது. தரகர் பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்; ஆணையத்துக்கு இணையவழி விண்ணப்பம் உண்டு. 1992-க்கு முன் வீடு இருந்ததைக் காட்டும் வரி ரசீது, பத்திரம் முதலியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்கு முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். மழைக்கு முந்தைய வேலையைச் சித்திரையிலேயே எழுதிப் போடுங்கள். தனித்தனியே அலைவதை விட, தெருவுக்குத் தெரு சேர்ந்து சங்கத்தின் மூலம் மனுக் கொடுத்தால் கேட்பவர்களும் கேட்பார்கள்.

பல்லவர் கட்டிய கோயிலைச் சுற்றி விளக்கேற்றவும் பூத் தொடுக்கவும் கடை திறக்கவும் ஆட்கள் இருந்ததால்தான் அது இன்று வரை கோயிலாக இருக்கிறது. அந்த ஆட்கள் குடியிருக்க ஒழுகாத கூரை கேட்கிறோம். அதற்கு மேல் ஒரு முழம் கூடக் கேட்கவில்லை.